ஆச்சி வீட்டுப் பின்கட்டில் வெந்த முட்டைகள்

வெந்நீர் அடுப்புச் சாம்பலுக்குள்ளிருந்து டப்பென்று ஒரு சத்தம். சாம்பல் குபுக்கென்று கிளம்பி என் மூஞ்சியில் அடித்தது. வலி தெரியவில்லை. பயம்தான் தெரிந்தது. அதற்குள் முன்கட்டிலிருந்து ஆச்சி குரல் வந்துவிட்டது.

"என்னத்தா அங்க வெடிச்சது?"

"மூங்கி ஆச்சி. அடுப்புல மூங்கில் துண்டு வச்சேன்."

"நம்ம வீட்ல ஏதுடி மூங்கி?"

தரையில் சிதறிக் கிடந்த மஞ்சளையும் வெள்ளையையும் சாம்பலோடு சேர்த்து அள்ளி, முந்தானையில் சுருட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். வேலி ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கையை மோந்து பார்த்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். மறுபடியும் மோந்து பார்த்தேன். அன்றைக்கும் எங்க வீட்டுக்காரருக்கு முட்டை இல்லை.

போன வாரம் புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். "கிறிஸ்தவ வேதக்காரப் பொண்ணு நீங்க, சைவக்காரவுக வீட்ல எப்படிம்மா குடியிருந்தீங்க?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எப்படி இருந்தேன் என்றால், கால் ஓரிடத்தில் நிற்காமல் இருந்தேன். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஒரு முட்டைக்கு இத்தனை பயம்

சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. எங்க வீட்டுக்காரர் கடலை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அங்கே எந்நேரமும் கடலைத் தொலி பறக்கும். அதனால் அவர் இருமினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மண்டியில் இருமாத ஆள் யார்?

ஆனால் அது தொலி இருமல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்த வியாதியின் பேரை நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேகூடச் சொன்னதில்லை. "அது" என்போம்.

ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பால் குடிக்கணும், தினம் ஒரு முட்டை நல்லா வேகவைத்துச் சாப்பிடணும் என்றார் டாக்டர்.

இங்கேதான் சிக்கல். அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், டாக்டர் சொல்லித் தினம் முட்டை தின்கிறவனுக்கு என்ன நோய் என்று. டீக்கடையில் தின்றால் மண்டிக்குத் தெரிந்துவிடும், வேலை போய்விடும். வீட்டில் தின்றால் ஆச்சிக்குத் தெரிந்துவிடும், வீடு போய்விடும். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கார ஆச்சி தனிக்கட்டை. மகள் வயிற்றுப் பேத்தி, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை, அது ஒன்றுதான் கூட. பின்கட்டை எங்களுக்கு விடும்போதே சொல்லிவிட்டார்கள். "ஒங்க சாமியக் கும்புட்டுக்கங்க, அது ஒங்க பாடு. கவுச்சி மட்டும் கூடாது. கறி, மீனு, முட்டை, கருவாடு, எதுவும் எங் காம்பவுண்டுக்குள்ள வரப்படாது."

நான் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

உலையும் கொப்பரையும்

பச்சையாகவே குடித்துவிடலாமே என்று முதலில் பார்த்தோம். அவர் ஒரு மடக்குக் குடித்தார். குமட்டிக்கொண்டு வந்து, இருமல் கூடி, கண்ணெல்லாம் சிவந்துபோனது. அதோடு அது சரி.

பிறகு சோற்று உலையில் போட்டேன். முட்டையைத் துணியில் முடிந்து, அரிசி பாதி வெந்ததும் உள்ளே அமுக்கிவிட்டேன். தனியாகச் சட்டி வைக்க வேண்டாம், யார் எட்டிப் பார்த்தாலும் சோறு கொதிக்கிறது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ஓடு விரிசல் கண்டு வெள்ளை நூல் நூலாகக் கசிந்து, பானைச் சோறும் முட்டை நாற்றம். கஞ்சியை எங்கே வடிப்பது என்று தெரியாமல் பானையைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இட்லிக் கொப்பரை நன்றாக வேலை செய்தது. குழியில் மாவு ஊற்றுகிற இடத்தில் முட்டையை உட்கார வைத்தால் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆவியில் வெந்த முட்டை சீக்கிரம் உரியும், ஓட்டோடு சதை பிய்ந்து வராது. ஆனால் தினம் இட்லி யார் சுடுவார்கள்? தீபாவளிக்கும் நல்ல நாளுக்கும் இட்லி சுட்ட காலம் அது. "மண்டிக்காரன் பொண்டாட்டி டெய்லி இட்லி அவிக்கிறாளே" என்று ஆச்சி தண்ணி இறைக்க வந்த பெண்ணிடம் சொன்னதைக் கேட்டதும் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் வெந்நீர் அடுப்புச் சாம்பல். சும்மா புதைத்தால் வெடிக்கும் என்பது முதலில் சொன்ன அன்றைக்குத்தான் தெரிந்தது. ஈரத்துணி சுற்றி, அதன்மேல் களிமண் அப்பிப் புதைத்தால் வெடிக்காது. மண் காய்ந்து வெடிப்பு விட்டால் முட்டை வெந்துவிட்டது என்று கணக்கு.

எங்க அம்மா வீடு ஆவூர்ப் பக்கம். பாஸ்கா அன்று, ஈஸ்டர்தான், விடியற்காலைப் பூசை முடிந்து வந்தால் அம்மா பெரிய சட்டியில் முட்டையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடும். அதற்கு முந்தின நாற்பது தவசு நாளும் முட்டை தொடாத வாய் எங்களுக்கு. சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, முட்டைகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். முட்டை வேகவைப்பதற்கு ஒரு பெண் இத்தனை பாடு படுவாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

குனிந்த தலை

ஒருநாள் மத்தியானம் களிமண் அப்பிய முட்டையோடு வெந்நீர் அடுப்பு முன்னால் குந்தியிருந்தேன். மண் சரியாக ஒட்டாமல் ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. நிமிர்ந்தால் ஆச்சி நிற்கிறார்கள். காலில் செருப்பில்லாமல் வந்தால் அவர்கள் வருகிற சத்தமே கேட்காது.

"என்னடி அது கையில?"

எனக்கு வாய் வரவில்லை. நான் சின்னதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பேரைக் கேட்டாலே தலை குனிந்துவிடும். அஞ்சாவதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அன்றைக்கும் தலை தானாகக் குனிந்தது.

ஆச்சி என்னையே பார்த்தார்கள். குரல் மாறிவிட்டது.

"தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சு?"

இன்னும் குனிந்தேன்.

"சரிதான். மசக்கை." ஆச்சி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டே சொன்னார்கள். "சிலதுக மண்ணைத் திங்கும், சிலதுக சாம்பலைத் திங்கும். ஒனக்கு இது கேக்குதாக்கும். வாயத் தொறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துரும்?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார், கழற்றியதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப முட்டைக்கு வழி பொறந்துருச்சுங்கிற."

"ஆமா. ஆனா புள்ளைக்கு எங்க போறது?"

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கதவைச் சாத்தினேன்.

நெருப்பில்லாத நெருப்பு

மறுநாள் ஆச்சி தூரத்தில் நின்றபடி சட்டம் போட்டார்கள். பிள்ளைத்தாச்சி ஆசையைத் தடுக்கக் கூடாதாம், முட்டை தின்னலாம்; ஆனால், வெந்நீர் அடுப்பில் கூடாது, அதில் பேத்திக்குத் தண்ணீர் காய்கிறது. பின்கட்டு அடுப்பும் கூடாது, அதுவும் அவர்கள் வீட்டு அடுப்புதான். அவர்கள் பாத்திரம் கூடாது, கிணற்றுத் தண்ணீர் கூடாது.

"அப்ப எதுல ஆச்சி வேகவைக்கிறது?"

"அதைத்தானே யோசிச்சுக்கிட்டிருக்கேன். பேசாம இரு."

முட்டையைத் தொட்டே அறியாத மனுஷி, ஒரு முட்டையை எப்படியெல்லாம் வேகவைக்கலாம் என்று அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் வெயில். சித்திரை மாசம், மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. "சூரியனுக்கு ஏது தீட்டு?" என்றார்கள். மாடியில் மணலைக் குவித்து முட்டையைப் புதைத்துவிட்டு, காக்காய் கிண்டாமலிருக்க நான் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன். சாயங்காலம் உடைத்துப் பார்த்தால் தயிர் தோய்ந்த மாதிரி இருந்தது. வெந்ததும் இல்லை, பச்சையும் இல்லை.

"என்ன, ஆச்சா?" ஆச்சி கீழேயிருந்து கேட்டார்கள்.

"கொழகொழங்குது ஆச்சி."

"தூ. சொல்லாத. எனக்குச் சோறு எறங்காது."

அடுத்தது சுண்ணாம்பு. மீமிசல் பக்கத்திலிருந்து ஒருத்தர் சுட்ட கிளிஞ்சல் கொண்டுவந்து விற்பார். ஆச்சி வெற்றிலைக்கு அதைத்தான் வாங்குவது. அதில் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று சீறி, தானே கொதிக்கும். ஆச்சி தனக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைக் கொல்லையில் ஓர் உடைசல் சட்டியில் கொட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாதே, அதனால் எனக்குத் தெருக்குழாய்த் தண்ணீர்.

"இந்தா பாரு. யாரும் பத்தவைக்கல, ஊதல. நெருப்பில்லாத நெருப்பு. இதுக்குத் தீட்டு கிடையாது. முட்டைய எலையில சுத்திப் போடு."

போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். சட்டி உறுமியது. வாழை இலை கருகி, முட்டை கல் மாதிரி வெந்து கிடந்தது. ஓட்டில் சுண்ணாம்பு ஏறி, தின்றால் நாக்கு லேசாக உறுத்தியது. தெறித்த சுண்ணாம்பு என் மணிக்கட்டில் பட்டுப் புண்ணாகிவிட்டது. அதைப் பார்த்ததும் ஆச்சியே வேண்டாம் என்றார்கள்.

கடைசியில் அமைந்தது ஆற்று மணல். தெருக்கோடியில் ஒரு பெண் கடலை வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் சட்டியில் மணல் கனகனவென்று இருக்கும். ஆச்சி அவளிடம் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார்கள்.

"அடுப்பு அவளோடது. மணலு வெள்ளாத்தோடது. சட்டி ஒன்னோடது. எனக்கென்ன வந்துச்சு?"

ஒரு சட்டி சுடுமணலை வாங்கி வந்து, முட்டையை நடுவில் புதைத்து, சாக்கைப் போட்டு மூடி வைப்பேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எடுத்தால் பதமாக வெந்திருக்கும், கடலை வாசத்தோடு. நான் தின்றதிலேயே ருசியான முட்டை அதுதான்.

நான் தின்றது என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அங்கேதான் வந்தது வினை.

எம் முன்னாடி தின்னு

முதல் நாள் மணலிலிருந்து முட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன்.

"எங்க போற? இங்கயே தின்னு."

"அப்பறம் திங்கிறேன் ஆச்சி."

"அப்பறமுன்னா என்ன அர்த்தமுன்னு எனக்குத் தெரியும். புருசன் வந்ததும் அவன் எலையில வச்சிருவ. நான் கஷ்டப்பட்டு வழி பண்ணது ஒனக்கும் வயித்துல இருக்கிறதுக்கும். எம் முன்னாடி தின்னு."

தள்ளி நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் பார்வையை எடுக்காமல் நின்றார்கள். நான் தின்றேன். மறுநாளும் தின்றேன். மஞ்சளையாவது கன்னத்தில் அடக்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். "வாயத் தொற" என்றார்கள்.

ஒரு சட்டி மணலில் இன்னொரு முட்டையை ஒளிப்பதும் நடக்கவில்லை. மணலைக் கொட்டுகிற வரைக்கும் கூடவே நிற்பார்கள். ஒருநாள் துணிந்து கேட்டேன், ரெண்டு வைக்கட்டுமா என்று.

"ரெண்டா?" ஆச்சி என் வயிற்றைப் பார்த்தார்கள். "எங்க வம்சத்துலகூட ஒருத்திக்கு ரெட்டை பொறந்துச்சு. சரி, வையி."

இரண்டையும் நின்று பார்த்துத் தின்னவைத்தார்கள்.

விடியுமுன் எழுந்து, ஆச்சி குளிக்க வருவதற்குள் சாம்பலில் ஒன்று சுட்டு அவருக்குக் கொடுக்கப் பார்ப்பேன். வாரத்தில் பாதி நாள் முடியாது. காது முழுக்க முன்கட்டில் இருக்கும். பாதி வேகும்போதே எடுத்துவிடுவேன். அவர் அதையே தின்றுவிட்டு மண்டிக்குக் கிளம்புவார்.

ஆடி பிறந்தபோது என் கன்னம் சதை பிடித்துவிட்டது. ரவிக்கை இறுகியது. தெருவில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கோ கழுத்தெலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது.

"பொண்டாட்டி மொகத்துல கெடக்கு பாரு களை" என்று ஆச்சி அவரிடமே சொன்னார்கள். "நீயும் இருக்கியே, காத்தடிச்சாப் பறந்துருவ."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கிணற்றடியில் போய் நின்றேன். வாளியை இறக்கினேன், தூக்கினேன். தண்ணீர் மொண்டேனா என்றுகூடப் பார்க்கவில்லை.

மருத்துவச்சி வந்த காலை

ஒரு காலை ஆச்சி மருத்துவச்சியைக் கூட்டிவந்துவிட்டார்கள். கையில் வளையல் பொட்டலம் வேறு. ஏழாம் மாசம் நெருங்குதே, அளவு பார்க்கணுமாம்.

மருத்துவச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பாயைக் காட்டினாள். "படு ஆத்தா, பாப்போம். எந்தப் பக்கம் கெடக்குன்னு கை வச்சாச் சொல்லிருவேன்."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"வெக்கப்படுது" என்றார்கள் ஆச்சி.

"வெக்கத்தையெல்லாம் முன்னாடியே பட்டிருக்கணும். இப்ப என்னத்துக்கு?" என்றாள் மருத்துவச்சி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஒண்ணுமில்ல ஆச்சி" என்றேன்.

"என்ன ஒண்ணுமில்ல?"

"வயித்துல ஒண்ணுமில்ல."

ஆச்சி முகம் வாடிப்போனது. "கலைஞ்சிருச்சா? எப்படி? எப்ப?"

"எப்பவுமே இல்ல ஆச்சி."

"அப்ப முட்டை?"

"அவுகளுக்கு."

அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆச்சி மருத்துவச்சியிடம், "நீ போயிட்டு அப்பறம் வாத்தா" என்றார்கள். அவள் போக மனசில்லாமல் போனாள். ஆச்சி சுவரில் கையூன்றி மெதுவாக உட்கார்ந்தார்கள். கண் முதலில் பேத்தியைத் தேடியது.

"பாப்பாவ அவுக தொட்டதில்ல ஆச்சி. அது இங்கிட்டு வந்தாலே கதவைச் சாத்திக்கிருவாக."

"அதைத்தான் நான் திமிருன்னு நெனச்சேன்."

பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்கள்.

"சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

அந்த மாதிரி நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆச்சி யோசித்தார்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும் ஆச்சி."

"இப்பவும் வச்சுக்க முடியாது புள்ள. பச்சப்புள்ள இருக்கிற வீடு."

"அதுவும் தெரியும்."

வளையல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர்கள் வாசலில் நின்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தனை நாளும் அந்த ஆளு வாயிலருந்து புடுங்கியில்ல ஒனக்கு ஊட்டியிருக்கேன்."

தெருவில் யாருக்கும் ஆச்சி சொல்லவில்லை. அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் சாமான் ஏற்றிய அன்று முன்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேத்தி கதவைத் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

திறந்த சட்டி

வல்லத்திராக்கோட்டையில் அவருக்குத் தெரிந்தவர் ஒருத்தர் வயலோரம் ஒரு கீற்று வீடு காட்டினார். அங்கேயிருந்து பஸ் பிடித்து ஊசிக்குப் போய்வரலாம். ஊரை விட்டு வந்ததால் மண்டி வேலை போனது. நான் வீட்டிலேயே கடலை உடைத்துக் கொடுக்கலாம் என்று பேசியிருந்தோம்.

போன அன்று சாயங்காலம் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். சட்டியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு முட்டையைப் போட்டேன். மூடி வைக்கவில்லை. தண்ணீர் கொதித்து, முட்டைகள் சட்டியில் முட்டிக்கொண்டு கடகடவென்றன. எழுந்து வாசலைப் பார்த்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"ஒக்காரேன்டி ஒரு எடத்துல" என்றார் அவர், கயிற்றுக் கட்டிலிலிருந்து.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி தணல் கேட்டு வந்தாள். கையில் கொட்டாங்கச்சி. எனக்கு மூத்தவள். பின்னாலேயே இரண்டு பிள்ளைகள்.

"புதுசா வந்த புள்ளையா? என்ன வேகுது?"

"முட்டைக்கா."

"வந்தன்னைக்கே முட்டையா. கொடுத்து வச்சவுக. யாருக்கு?"

அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாமென்று. என் தலையும் குனியப் பார்த்தது. இந்த வீடும் இல்லையென்றால் போவதற்கு எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அவள் பிள்ளைகள் அதற்குள் கட்டிலுக்குக் கிட்டே போய்விட்டன.

"அவுகளுக்குக்கா" என்றேன். "நெஞ்சுல வியாதி. டி.பி. ஆஸ்பத்திரியில ஊசி போடுறாக. ஒங்க புள்ளைகளக் கட்டில் பக்கம் விடாதீங்க."

அவள் அப்படியே நின்றாள். அவரைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கொட்டாங்கச்சியை நீட்டினாள்.

"சரி, தணலைப் போடு. அங்க ஒலை வைக்காமக் கெடக்கு."

இடுக்கியை எடுத்து, சட்டிக்கு அடியில் இருந்ததிலேயே பெரிய தணலாகப் பார்த்துப் போட்டேன்.